பேச்சுத் துணை

1996ஆம் வருசம் ஆடி மாசம் எங்கம்மாவை ஒரு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வயிற்றில் கட்டி. கட்டில் கிடைக்கவில்லை. பெண்கள் வார்டுக்கு வெளியே வராண்டாவில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆம்பளைகள் அங்கே இருக்கக்கூடாது. வாட்ச்மேன் வந்து தடியால் தரையைத் தட்டுவார். நானும் என்னை மாதிரி முப்பது நாற்பது பேரும் வெளியே வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வோம். அம்மாவோடு தங்குவதற்கு வீட்டில் பொம்பளை ஆள் இல்லை. என் மனைவிக்கு அப்போது நிறைமாசம். தங்கச்சி பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தது.

முதல் ராத்திரி அம்மாவுக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டில் தீர்கிற நேரத்தில் நர்ஸைக் கூப்பிடாவிட்டால் குழாயில் ரத்தம் ஏறிவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை. விடியற்காலை அஞ்சு மணிக்குக் கதவைத் திறந்ததும் ஓடினேன். அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாயில் வயசான ஒரு அம்மா சுவரில் சாய்ந்தபடி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயப்படாத தம்பி. ராத்திரியே நர்சம்மாவ கூட்டியாந்து வேற பாட்டில் மாத்தியாச்சி” என்றார்.

அவரும் நோயாளிதான். திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு கிராமம். அவரோடு யாரும் வரவில்லை. அம்மா எழுந்ததும் என்னிடம் சொல்லிச்சி: “யாருன்னே தெரியாதுடா. ராத்திரி முச்சூடும் முழிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்குது. ஏம்மா தூங்கலியான்னு கேட்டா, தூக்கம் வர்ல, பேச்சுத் துணைக்கு நீ இருக்கியேன்னு சொல்லுது.”

தூங்குகிற ஆள் எப்படிப் பேச்சுத் துணை ஆகமுடியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இந்த வார்த்தையைப் பற்றித்தான் இப்போது எழுத நினைக்கிறேன். ஒரு மனுசனுக்கு முன்பின் தெரியாத இன்னொரு மனுசன் கொடுக்கிற துணை எப்பேர்ப்பட்டது? அதை நம்பலாமா? அதிலும் நம்மைப் போன்றவர்கள் நம்பலாமா?

*

தனிமையைப் பற்றித் தமிழில் எழுதாதவர்கள் இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த சிறுபத்திரிகைகளைப் புரட்டினால் சார்த்தர், காம்யு, அந்நியமாதல், இருத்தலின் வெறுமை என்று பக்கம் பக்கமாக வரும். அந்தத் தனிமை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குள் ஒரு ஊகம் ஒளிந்திருக்கிறது. மனுசனைச் சுற்றி ஒரு உலகம் இருக்கிறது, அது அவனை வா என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அவனுக்குத்தான் அதில் ஒட்டவில்லை என்கிற ஊகம். அந்தத் தனிமையில் விலகிப்போகிறவன் அவனேதான்.

நாங்கள் விலகிப்போனவர்கள் இல்லை. விலக்கி வைக்கப்பட்டவர்கள். சேரிக்குள்ளே யாரும் தனியாகக் கிடப்பதில்லை. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் நாலு வீட்டுப் பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்கும். ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் தெருவே வந்து வாசலில் ஒக்காரும். ஆள் இல்லாத தனிமை எங்களுக்குத் தெரியாது. ஊர்த் தெருவுக்குள் கால் வைக்கிற நிமிசத்தில் தொடங்குவதுதான் எங்கள் தனிமை. அங்கே எல்லோருக்கும் எங்களைத் தெரியும். அப்பன் பேர் தெரியும், பாட்டன் பேர் தெரியும், எந்தக் கழனியில் அறுப்பு அறுக்கப் போகிறோம் என்பதும் தெரியும். தெரிந்த முகம் நூறு இருக்கிறது. ‘வா, இப்படி ஒக்காரு’ என்று சொல்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

முழுக்கத் தெரிந்தவர்களின் மத்தியில் தனியாக நிற்பது என்றால் என்னவென்று எந்தத் தத்துவப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. எங்கப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். டவுனுக்குப் போகிற பஸ்ஸில் அப்பா எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து, பக்கத்தில் தானும் ஒக்காருவார். அடுத்த நிறுத்தத்தில் ஊர்க்காரர் யாராவது ஏறினால் சட்டென்று எழுந்துகொள்வார். எழுந்திரு என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவர் இறங்கிப் போனபிறகு, தெரியாத ஆட்கள் மட்டும் மிஞ்சிய பஸ்ஸில், அப்பா மறுபடியும் ஒக்காருவார். பக்கத்து ஆளிடம் மழையைப் பற்றி, மல்லாட்டை விலையைப் பற்றிப் பேசுவார். சிரிப்பார். அப்பா அப்படிச் சிரிப்பார் என்பதே எனக்கு அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது.

காம்யுவின் ‘அந்நியன்’ 1942இல் பிரெஞ்சில் வந்த நாவல். அந்தத் தலைப்பைக் கேட்டாலே ஒரு வெறுமை மனசில் கவிகிறது என்று படித்த நண்பர் ஒருவர் சொல்வார். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் அப்பா சிரித்ததுதான் ஞாபகம் வருகிறது. அந்நியர்கள் நிறைந்த இடம் எங்களுக்கு மூச்சுவிடுகிற இடம்.

*

ஆனால் அந்த மூச்சு எத்தனை மைலுக்கு வரும்? பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கேள்வி வந்துவிடும்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

சொல்வோம்.

“அங்க எந்தத் தெரு?”

கொஞ்சம் மென்று முழுங்குவோம்.

“மாரியம்மன் கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? நாட்டாம வீடு தெரியுமில்ல, அவருக்கு என்னா வேணும் நீங்க?”

கேட்கிறவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்பதில்லை. அரைமணி நேரமாக உங்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வருபவராகவே இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வி ஒரு அளவுகோல். உங்களோடு எவ்வளவு தூரத்தில் ஒக்காருவது என்பதை அளந்துகொள்ளாமல் அவரால் பேச்சைத் தொடரமுடியவில்லை. 2025இல் ‘காலனி’ என்கிற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம்தான். ஆனால் பஸ்ஸில் கேட்கிறவர் ஆவணத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பதில்லை. அந்தச் சொல் போனால் அவர் வேறு சொல் வைத்துக்கொள்வார்.

அம்பேத்கர் இந்தக் கேள்வியை ஒன்பது வயசில் சந்தித்தார். அவர் எழுதி, அவர் காலத்துக்குப் பிறகு 1990இல் வெளிவந்த ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு நூலில் அதைச் சொல்லியிருக்கிறார். 1901ஆம் வருசம். அண்ணனோடும் அக்காவின் பிள்ளைகளோடும் வெளியூரில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க சாத்தாராவிலிருந்து ரயிலில் புறப்பட்டு மசூர் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள். புதுச் சட்டை, புதுத் தொப்பி. அழைத்துப்போக யாரும் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் வந்து அன்பாக விசாரிக்கிறார். நல்ல உடுப்பில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பிராமணக் குழந்தைகள் என்று நினைத்துக்கொண்டார். நீங்கள் யார் என்று கேட்கிறார். மகர்கள் என்று பிள்ளை வெகுளியாகச் சொல்லிவிடுகிறது. அவர் முகம் மாறுகிறது. விலகிப் போய்விடுகிறார்.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு பலபேர் பேசுவார்கள். கதை அதோடு முடியவில்லை. அந்த ஸ்டேஷன் மாஸ்டர் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வருகிறார். வண்டி பிடித்துக்கொடுக்க முயல்கிறார். இவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வண்டிக்காரனும் சம்மதிக்காதபோது அவரே ஒரு வழி சொல்கிறார்: இரட்டை வாடகை கொடுங்கள், வண்டியை நீங்களே ஓட்டுங்கள், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வரட்டும். அப்படித்தான் அந்தப் பிள்ளைகள் இருட்டில் போனார்கள். வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

ஆக, ஸ்டேஷன் மாஸ்டர் உதவி செய்தார். அதை இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் உதவி வேறு, துணை வேறு. உதவியைத் தள்ளி நின்றும் செய்யலாம். மேலே நின்று கீழே போடலாம். தானமாக, தருமமாக, அரசாங்கத் திட்டமாகக்கூடக் கொடுக்கலாம். துணையை அப்படிக் கொடுக்கமுடியாது. துணை என்றால் ஒரே பாயில் ஒக்கார வேண்டும். வண்டிக்காரன் வழி முழுக்கக் கூடவேதான் வந்தான். ஆனால் தொடக்கத்தில் நடந்துதான் வந்தான். அது வழித்துணை ஆகுமா?

பதினாறு வருசம் கழித்து, நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தார் அவர். வெளிநாட்டில் இருந்த காலத்தில், தான் தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பே தன்னைவிட்டுப் போயிருந்ததாக எழுதுகிறார். கடல் தாண்டி, முகம் தெரியாதவர்கள் மத்தியில் போன நினைப்பு, சொந்த நாட்டு ஸ்டேஷனில் இறங்கியதும் திரும்பி வந்துவிட்டது. தங்க இடம் இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பேரைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தங்கினார். வேறு ஆளே இல்லாத விடுதி. மாடியில் ஒரு சிறிய அறை. மற்றதெல்லாம் தட்டுமுட்டுச் சாமான் அடைத்துக் கிடந்த இருட்டுக் கூடம். பேசுவதற்கு ஒரு மனுசன் கிடைக்கமாட்டானா என்று ஏங்கிப் போனதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பதினோராம் நாள் தடியோடு வந்த பார்சிகள் அவரை வெளியேற்றினார்கள். பொதுப் பூங்காவில் ஒக்காந்திருந்துவிட்டு ராத்திரி பம்பாய் ரயிலேறினார். அவ்வளவு பெரிய படிப்பாளி ஏங்கியது சாதாரணப் பேச்சுத் துணைக்காக. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

*

பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். நம் நாட்டில் பஸ் வெறும் வாகனம் அல்ல. ஊரும் சேரியும் ஒரே பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒக்காருகிற இடம் அதைவிட்டால் வேறெங்கே இருக்கிறது? அதனாலேயே அங்கே சண்டை நடந்தது. 1997இல் விருதுநகரை மையமாக வைத்துப் புதிதாக ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். தலித் வீரனின் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் வந்தது. உயிர்கள் போயின. கடைசியில் அரசாங்கம் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பேர்களை எடுத்துவிட்டது. பக்கத்தில் ஆளாக ஒக்காருவது இருக்கட்டும், தகரத்தில் பேராக ஒக்காருவதைக்கூடப் பொறுக்கமுடியவில்லை. அதே வருசம் ஜூன் 30ஆம் தேதி மேலவளவில் பஸ்ஸை மறித்து, பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனோடு சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்கள் அந்நியர்கள் இல்லை. எல்லாம் தெரிந்த முகங்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்களும் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள்தான். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பிள்ளைகள் கையில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டிக்கொள்வதைத் தடுக்கச் சொல்லி 2024இல் பரிந்துரைத்தது. எந்தத் தெரு என்று கேட்கிற சிரமம்கூட இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. மணிக்கட்டைப் பார்த்தால் போதும்.

*

அப்படியானால் மறைத்துவிடலாமே? நானும் மறைத்துப் பார்த்தேன். திருவல்லிக்கேணி மேன்சன் ஒன்றில் இரண்டு வருசம் இருந்தேன். அறைக்கு மூணு பேர். ஊர்ப் பேரை மாற்றிச் சொன்னேன், தெருப் பேரை மாற்றிச் சொன்னேன். ஒன்றாகச் சாப்பிட்டோம், ஒருத்தன் சட்டையை இன்னொருத்தன் போட்டோம். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அறை நண்பன் ஒருத்தன் பத்து நாள் லீவு போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தான். அந்தப் பத்து நாளும் நான் பட்ட தனிமை இருக்கிறதே, அப்படியொரு தனிமையை அதற்கு முன்னாலும் பட்டதில்லை, பின்னாலும் பட்டதில்லை. அவன் கஞ்சி கொடுத்தது எனக்கு இல்லை. நான் சொன்ன பொய்க்கு. அந்தப் பொய் குணமாகி எழுந்தது. நான் படுத்தே கிடந்தேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் ஒருவேளை அப்போதும் கஞ்சி வைத்திருப்பான். அதைத் தெரிந்துகொள்கிற வாய்ப்பை அவனுக்கும் நான் கொடுக்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. அந்தக் குற்றத்தை என் கையில் திணித்தது யார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆக, தெரியாமல் கிடைக்கிற துணை பாதித் துணைதான். தெரிந்தபிறகும் நிற்கிறதா என்பதே கேள்வி.

*

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். ஆறாவது நாள் சாயங்காலம். அந்தத் திருக்கோவிலூர் அம்மா எங்கம்மாவின் தலையைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தார். நான் தூணோரம் நின்றிருந்தேன். சீவிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார். எந்தத் தெரு என்று. எங்கம்மா என்னை மாதிரி படித்ததில்லை. அதனால் பொய் சொல்லவும் தெரியாது.

“நாங்க காலனிதாம்மா” என்றது.

சீப்பு நின்றுபோச்சு. முடிக்கு நடுவில், பாதியில். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லமுடியாது. பிறகு சீப்பு நகர்ந்தது.

“சிக்கு விழுந்து கெடக்குது. ஆடாம இரும்மா” என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தம்மா நாங்கள் கொண்டுவந்த சோற்றை வாங்கிச் சாப்பிட்டாரா என்றால், இல்லை. ஏதாவது சாக்குச் சொன்னார். ஆனால் தலை சீவிவிடுவது நிற்கவில்லை. பாட்டிலைப் பார்த்துக்கொள்வதும் நிற்கவில்லை. அவரை மகாத்மா ஆக்க எனக்கு விருப்பமில்லை. அவருக்குள் ஆயிரம் வருசத்துச் சாதி இருந்தது. அது அவர் கையைப் பிடித்து நிறுத்தியது. அந்தக் கையை அவரே மறுபடி நகர்த்தினார். எந்தச் சட்டமும் அதைச் செய்யச் சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது, 15ஆவது பிரிவு கடைக்குள்ளும் கிணற்றுக்கும் போகிற உரிமையைக் கொடுத்தது. போராடிப் பெற்ற உரிமை, ஒரு எழுத்தையும் விட்டுக்கொடுக்கக்கூடாது. ஆனால் நின்ற சீப்பை நகர்த்துகிற பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை. சுதந்திரத்தோடும் சமத்துவத்தோடும் சகோதரத்துவத்தை அம்பேத்கர் விடாமல் சேர்த்துச் சொன்னது இதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதோடு முடித்தால் நான் நல்லவன் ஆகிவிடுவேன். முடிக்கமுடியாது.

வராண்டாவைக் கழுவுகிற ஒரு அக்கா உண்டு. விடியற்காலையில் வேலையை முடித்துவிட்டு அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில் தரையில் ஒக்காந்து பேசிக்கொண்டிருக்கும். எங்களுக்கும் ‘கீழே’ என்று ஊர் வைத்திருக்கிற சாதி. ஒருநாள் நான் பிளாஸ்கில் டீ வாங்கி வந்தேன். அம்மா மூடியில் ஊற்றித் தான் ரெண்டு வாய் குடித்துவிட்டு, அந்தக்காவுக்கு ஊற்றப் போனது. என் வாய் முந்திக்கொண்டது.

“இரும்மா. கடையில பிளாஸ்டிக் கப்பு ஒன்னு வாங்கியாரன்.”

அந்தக்கா என்னைப் பார்த்துச்சி. கோபமெல்லாம் இல்லை. “வேணாம் தம்பி, நானே வச்சிருக்கன்” என்று சொல்லி, துடைப்பத்துக்குப் பக்கத்தில் இருந்த துணிப்பைக்குள்ளிருந்து ஒரு அலுமினிய டம்ளரை எடுத்துச்சி.

இரட்டைக் குவளையை எதிர்த்துக் கூட்டத்தில் பேசியவன் நான். நோட்டீஸ் எழுதியவன். அந்த ரெண்டாவது குவளை என் வாயிலேயே இருந்தது. அம்மா அந்த டம்ளரைப் பார்த்துவிட்டு, “அத உள்ள வையிடி” என்றது. தான் குடித்த மூடியிலேயே டீயை ஊற்றி அதன் கையில் கொடுத்தது. என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கு முழுக்க என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

சீப்பு நின்றதைப் பார்த்து மூச்சைப் பிடித்தவன், தன் கை நின்றதைக் கவனிக்கவில்லை. துணை நமக்கு மறுக்கப்பட்டது என்று எழுதுகிற உரிமை எனக்கு இருக்கிறது. யாருக்கு நான் மறுத்தேன் என்பதையும் எழுதாவிட்டால் அந்த உரிமை அரைகுறைதான். துணை கொடுக்கக் காசு வேண்டாம், நிலம் வேண்டாம், படிப்பு வேண்டாம். ஒன்றுமே இல்லாதவர்களும் கொடுக்கமுடிகிற ஒரே பொருள் அது. அதனால்தான் அதைக் கொடுக்காமல் இருப்பதற்கு யாருக்கும் சாக்கு இல்லை. எனக்கும் இல்லை.

அம்மா அந்த வருசம் மார்கழியில் செத்துப்போச்சி. திருக்கோவிலூர் அம்மாவின் ஊர்ப் பேரை ஒழுங்காகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, சேதி சொல்ல முடியவில்லை. அந்தக்காவைத் தேடி ஒருமுறை போனேன். காண்டிராக்ட் மாறிவிட்டது என்றார்கள்.

இப்போது பஸ்ஸில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால், ஊரையும் தெருவையும் சேர்த்தே முதலில் சொல்லிவிடுகிறேன். சிலபேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சிலபேர் செல்போனை எடுத்துப் பார்ப்பார்கள். சிலபேர் கொஞ்சம் நின்று, பிறகு பிள்ளை என்ன படிக்குது என்று கேட்பார்கள். போன மாசம் ஒரு பெரியவர் அப்படி நின்றுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். திண்டிவனம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். இறங்கும்போது, “பாத்துப் போங்க” என்றார். நானும் சொன்னேன்.